பீடோங் பக்கம் சினை ஊசிச் சேவை: கைவேலை சுத்தம், காளையை மட்டும் நீங்களே பாருங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், கூரூண், பாடாங் செராய் தோட்டப்புறங்களுக்கு வந்து மாட்டுக்குச் சினை ஊசி போடும், அதாவது காளையின் உறைவிந்தைச் செலுத்தும், ஒரு தனியார் சேவையைப் பற்றியது இது. பெயர் வேண்டாம். ஐந்தில் மூன்றரை கொடுக்கலாம். ஊசி போடும் கைக்கு நாலரை, காளைப் பட்டியலை நீட்டும் வாய்க்கு இரண்டு.

எந்த மாட்டுக்கு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) அடியில் மேய்வது பெரும்பாலும் கெடா-கிளந்தான் மாடு, சுருக்கமாகக் கேகே. வளர்ந்த பசுவே 200 முதல் 250 கிலோதான். கன்று பிறக்கும்போது 15 கிலோ அளவில் இருக்கும். உண்ணி, வெயில், மட்டமான புல் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு ஒழுங்காகச் சினை பிடிக்கும். குறை ஒன்றுதான்: அறுப்புக்குப் போனால் கறி கம்மி. அதனால்தான் பெரிய இறைச்சிக் காளையின் விந்தைத் தேடுகிறோம். இது புது யோசனையும் அல்ல. கேகேயைப் பிராமன் இன மாட்டோடு சேர்த்துப் பிராக்மாஸ், சரோலே இனத்தோடு சேர்த்துச் சாரோக்கே என்று மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி எப்போதோ செய்து காட்டிய வேலை.

கூப்பிடும் முறை எளிது. காதுப்பட்டை எண்ணையும் பருவம் கண்ட நேரத்தையும் வாட்ஸ்அப்பில் போட்டால் போதும். திரும்பி வரும் முதல் கேள்வி, “அண்ணே, மத்த மாடு ஏறும்போது நிக்குதா, ஓடுதா?” இந்தக் கேள்விக்காகவே அரை மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம். அசையாமல் நிற்கிற மாடுதான் பருவத்தில் இருக்கிறது. ஏறுகிற மாடு பருவத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வாலில் கண்ணாடி மாதிரி தொங்கும் சளி துணைச் சாட்சி மட்டுமே. வாலில் ரத்தக் கறை தெரிந்தால் பருவம் கடந்து ஒன்றிரண்டு நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம். அன்று ஊசி போட்டுப் பயனில்லை. தேதியைக் குறித்துவைத்து, பதினெட்டாம் நாளிலிருந்து மறுபடி கவனிக்க வேண்டும். நம் மாடுகளுக்குப் பருவம் குறுகியது, அதுவும் பாதி நேரம் இரவில் வந்து போய்விடும். காலைப் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) முன் அரைமணி, சாயங்காலம் ஓட்டி அடைக்கும்போது அரைமணி நின்று பார்க்காதவர்கள் சேவையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்பது கணக்கு. இதை வாரநாளில் சரியாகக் காப்பாற்றுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடையாது. மாட்டுக்கு அது தெரியாது என்பதுதான் சங்கடம்.

ஊசி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், தடுப்பதில்லை. திரவ நைட்ரஜன் தொட்டி வண்டியில் நிமிர்ந்த நிலையில், அசையாமல் கட்டப்பட்டு வருகிறது. உள்ளே குளிர் மைனஸ் 196 டிகிரி. உறைவிந்து அடைத்த மெல்லிய குழாயான ஸ்ட்ராவை எடுக்கும்போது, ஸ்ட்ராக்கள் இருக்கும் குவளையைத் தொட்டியின் கழுத்துக்கு மேலே தூக்கக் கூடாது. கழுத்துக்குள்ளேயே வைத்து, பத்து நொடிக்குள் இடுக்கியால் ஸ்ட்ராவைப் பிடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் குவளையை மறுபடி இறக்கிவிட்டுத்தான் தேட வேண்டும். மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுத்தை வாசித்தால், எடுக்காத ஸ்ட்ராக்களும் சேர்ந்து கெடும். ஊசி போட வரும் இருவரில் மூத்தவர் இதில் பிசகுவதே இல்லை. கூட வரும் இளைஞர் ஒருமுறை மொத்தக் குவளையையும் வெளியே எடுத்து வெயிலில் பார்த்தார். அப்படி நடந்தால் அந்த ஸ்ட்ரா வேண்டாம் என்று சொல்லும் உரிமை காசு கொடுக்கிறவருக்கு உண்டு.

அடுத்தது தண்ணீர்க் குடுவை. 35 முதல் 37 டிகிரி இருக்கிறதா என்று வெப்பமானியில் பார்த்து, அரை மில்லி ஸ்ட்ராவை 40 முதல் 45 நொடி முக்கி எடுக்கிறார்கள். விரல் வைத்துப் பார்த்து வெதுவெதுப்பு என்று சொல்லும் வேலை இங்கே இல்லை. எடுத்ததும் காகிதத் துணியால் ஈரம் போகத் துடைக்கிறார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் விந்தணு சாகும் என்பதற்காக. பிறகு அடைத்த முனையைக் குறுக்காக நேராக வெட்டி, விந்து செலுத்தும் துப்பாக்கிக் கருவியில் ஏற்றி, உறை மாட்டி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு மாட்டிடம் நடக்கிறார்கள். காற்றுப் பட்டு மறுபடி குளிர்ந்துவிடக் கூடாது. பசுவின் பிறப்புறுப்பைத் துடைத்துவிட்டு, துப்பாக்கி முனையை முதலில் மேல்நோக்கிச் சாய்த்து நுழைப்பது, கீழே இருக்கும் மூத்திரத் துவாரத்துக்குள் போகாமல் இருக்க. பிறகு மட்டமாக்கி, கருப்பை வாயின் வளையங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசி வளையம் முடிந்த இடத்தில் நிறுத்தி, மெதுவாக ஐந்து எண்ணும் நேரத்தில் விடுகிறார்கள். கேகே மாட்டுக்குக் கருப்பை வாய் மெலிசு, ஒல்லிக் கை வேண்டும். இங்கேதான் மூத்தவரின் அருமை தெரிகிறது.

காலி ஸ்ட்ராவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இனம், காளையின் எண், உறைய வைத்த தேதி எல்லாம் அதில் அச்சாகி இருக்கும். பின்னால் கன்றின் நிறமும் சாட்சி சொல்லும். சிவப்புக் கேகே பசுவுக்குச் சரோலே என்றால் கன்று வெளிறிய மணல் நிறம். கறுப்பு ஆங்கஸ் என்றால் கறுப்பு. இந்த இரண்டில் ஒன்றைப் போட்டும் கன்று அச்சு அசல் தாயைப் போலவே சிவப்பாக வந்து நின்றால், தோட்டத்தில் திரியும் காளை வேலையை முடித்திருக்கிறது.

இனிக் குறைகள். மந்தை முழுவதையும் ஒரே நாளில் பருவத்துக்குக் கொண்டுவரும் திட்டம் ஒன்று விற்கிறார்கள்: பதினோரு நாள் இடைவெளியில் இரண்டு புரோஸ்டாகிளாண்டின் ஊசி. முறை சரியானது. ஆனால் சினைப் பரிசோதனை செய்யாமலே முதல் ஊசியைப் போடத் தயாராக நிற்கிறார்கள். இந்த மருந்து சினை மாட்டுக்குப் போனால் கரு கலைந்துவிடும். காளையோடு மேயும் மந்தையில் எது சினை, எது காலி என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆசனவாய் வழியாகக் கைவிட்டுச் சினை பார்த்த பிறகே போடுங்கள் என்று வற்புறுத்த வேண்டும். எலும்பு தெரியும் மாட்டுக்கும் இது வீண் செலவு. கன்று போட்டு இளைத்து, பருவமே சுற்றாமல் நிற்கிற பசுவை இந்த மருந்து எழுப்பாது. இரண்டு மாதம் செம்பனைப் புண்ணாக்கும் தாது உப்பும் கொடுத்துத் தேற்றுவதுதான் வழி. இன்னொன்று: வீட்டுப் பெண்கள், அதிலும் பிள்ளைத்தாய்ச்சிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த மருந்துப் புட்டியைத் தொடவே கூடாது. தோல் வழியாகவே உடம்பில் ஏறும். இந்த எச்சரிக்கையை அவர்கள் தாமாகச் சொல்வதில்லை.

பெரிய குறை காளைப் பட்டியல். முதல் பக்கத்திலேயே பெல்ஜியன் ப்ளூ, தொடை பிதுங்கும் படத்தோடு. கேட்டால், “கறி அள்ளிக்கிட்டு வரும்” என்கிறார்கள். அந்த இனத்தின் சொந்தப் பசுக்களுக்கே வயிற்றைக் கிழித்துக் கன்று எடுப்பதுதான் வழக்கம் என்பதை ஏன் சொல்வதில்லை? கலப்புக் கன்றுக்கு அந்தத் தசை மரபணு ஒரு பக்கம்தான் வரும், கன்று அந்த அளவுக்குப் பெருக்காது என்பது உண்மை. இருந்தாலும் 220 கிலோ பசுவின் இடுப்பெலும்பை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டிய காளை அல்ல அது. தாயின் கருப்பை கன்றின் அளவைக் கொஞ்சம் அடக்கும். 1938-இல் வால்டன், ஹேமண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பெரிய ஷயர் குதிரையையும் ஷெட்லாந்து மட்டக்குதிரையையும் கலந்து காட்டியது இதைத்தான்: மட்டக்குதிரை ஈன்ற குட்டி சிறியது, ஷயர் ஈன்றது பெரியது. அடக்கும் என்பதால் தடுத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது.

ஆகவே பட்டியலைக் கையில் வாங்கியதும் எடை கூடும் வேகத்தைப் பார்க்காமல், பிறப்பு எடையும் ஈனும் எளிமையும் எழுதிய பத்தியைப் பாருங்கள். ஒரே சரோலே இனத்துக்குள்ளேயே காளைக்குக் காளை இது நன்றாக வேறுபடும். அந்தப் பத்தி இல்லாத பட்டியலை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தலையீத்துக் கிடேரிக்கு எந்தப் பெரிய இனமும் வேண்டாம், கேகே காளையே போதும். இரண்டு ஈத்துக் கண்ட, இடுப்பு அகன்ற பசுவுக்கு ஆங்கஸ் அல்லது ஈனுவதில் எளிது என்று குறித்த லிமோசின். சரோலே கேட்பவர்கள் மந்தையிலேயே பெரிய பசுவை மட்டும் அந்த ஊசிக்கு நிறுத்துங்கள். கடைசி இரண்டு மாதத்தில் புண்ணாக்கை அள்ளிக் கொட்டவும் கூடாது, கன்று சிறுக்கட்டும் என்று பட்டினி போடவும் கூடாது. முதலாவது செய்தால் பிறப்பு வழியில் கொழுப்பு அடைக்கும். இரண்டாவது செய்தால் முக்குவதற்குப் பசுவுக்குத் தெம்பு இருக்காது, சீம்பாலும் இருக்காது.

ஊசி போட்டவர்கள் ஈத்துக்கு வருவதில்லை. சேவை சினை உறுதி செய்வதோடு முடிகிறது: அறுபதாம் நாளில் கைவிட்டுப் பார்த்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். சீட்டில் எல்லா இனத்துக்கும் ஒரே 283 நாள் கணக்குப் போட்டிருப்பார்கள். லிமோசின், சரோலே என்றால் ஒரு வாரம் வரை தள்ளும். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் கால் முன்னேறவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுவிட வேண்டும், அவர் எண்ணை முன்னாலேயே வாங்கி வைத்திருக்க வேண்டும். இழுத்துப் பார்ப்பதற்கும் ஓர் அளவு உண்டு. ஒருவர் இழுத்து, முன்னங்கால் இரண்டின் கணுவும் பிறப்புறுப்புக்கு வெளியே ஒரு கையகலம் வந்துவிட்டால் தோள் உள்ளே நுழைந்துவிட்டது, கன்று வரும். வராவிட்டால் நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுப்பது கன்றையும் தாயையும் சேர்த்துக் கொல்லும்.

கலப்புக் கிடேரிக்கு மறுபடியும் அதே இன ஸ்ட்ராவைப் போடச் சொல்வார்கள். வேண்டாம். முக்கால் பங்கு சீமை ரத்தம் ஏறினால் செம்பனை நிழலிலும் மூச்சு வாங்கும், உண்ணிக் காய்ச்சலில் சிவப்பு மூத்திரம் போகும். பாதிக்குப் பாதியே இந்த ஊருக்குச் சரி. பத்துப் பசுவில் மூன்றையாவது கேகே காளைக்கே விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து ஊசி போடத் தாய்மாடே இருக்காது.

கட்டணத்தில் ஒளிவு மறைவில்லை. ஸ்ட்ரா தனி, வந்து போகும் கூலி தனி. ஒரே நாளில் மூன்று மாட்டுக்கு மேல் என்றால் கூலி ஒன்றுதான். சினை நிற்காமல் திரும்பினால் இரண்டாம் தடவை ஸ்ட்ராவுக்கு மட்டும் வாங்குகிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு விற்க நினைப்பவர்கள் நாள் எண்ணிக் கூப்பிடுங்கள். மாட்டுக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும், வயிற்றில் ஒன்பதரை மாதம், பெருநாளோ வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். எந்தப் பெருநாளுக்கோ அதற்கு மூன்று வருடம் முன்னாலேயே ஊசி விழுந்தால்தான் சந்தைக்கு முன் தேற்றி நிறுத்த இரண்டு மாதம் கையில் இருக்கும்.