காலுக்குள் வைக்கும் தகடு: ஸ்டீலா, டைட்டேனியமா?

பெரியம்மா இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மழை நாளில் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. "பிளேட் வைக்கணும், ஸ்டீலா டைட்டேனியமா?" என்று டொக்டர் கேட்டபோது எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. அப்புறம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஸ்டீல் என்றால் வீட்டு எவர்சில்வர் அல்ல, 316 எல் என்ற ரகம். விலை குறைவு. எலும்பு கூடிய பிறகு கழற்றுவதும் சுலபம். ஆனால் அதில் 13 முதல் 15 சதவீதம் நிக்கல் இருக்கிறது. பெரியம்மா கவரிங் தோடு போட்டால் இரண்டே நாளில் காது சிவந்து நீர் வடியும். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அப்படித்தான் ஆகும். தோலில் அரித்தால் எலும்பிலும் தொல்லை வந்தே தீரும் என்றில்லை. ஆனாலும் டொக்டரிடம் சொல்லாமல் விடக்கூடாது. சொன்னோம், டைட்டேனியம் என்று முடிவானது.

டைட்டேனியத் தகட்டில் நிக்கல் சேர்ப்பதில்லை. அதன் மேல் தானாகவே படியும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உலோகம் அரிபடாமல் தடுக்கிறது. எலும்பும் அதை ஒட்டியே வளர்கிறது. இன்னொன்று, விறைப்பு. எலும்பைவிட ஸ்டீல் ஏறக்குறைய 10 மடங்கு விறைப்பானது, டைட்டேனியம் 6 மடங்கு. தகடு மிக விறைப்பாக இருந்தால் பாரத்தை அதுவே வாங்கிக்கொள்ளும், வேலையில்லாத எலும்பு மெலிந்துபோகும். மறுபடி மலை ஏறவேண்டிய காலுக்கு இது பெரிய விஷயம். குறையும் உண்டு: விலை கூட, கழற்றும்போது திருகாணி இறுகிப்போய்ப் பாடாய்ப்படுத்தும்.

எலும்பில் இடைவெளி விழுந்திருந்தால் செயற்கைத் துகள் வைத்து நிரப்புவார்கள். அதில் இரண்டு வகை: ஹைட்ராக்சி அபடைட் வருடக்கணக்கில் அப்படியே தங்கும். டிரைகல்சியம் பொஸ்பேட் மெல்லக் கரைந்து எலும்புக்கு இடம் விடும். இரண்டுமே நொறுங்கக்கூடியவை, தனியாகப் பாரம் தாங்கா. உடம்பில் கரையும் பிளாஸ்டிக் திருகாணி சின்ன எலும்புகளுக்குச் சரி, நடக்கும் காலுக்கு எனக்கு நம்பிக்கையில்லை.

எதை வைத்தாலும், தகட்டுப் பெட்டியின் லேபிளைக் கிளினிக் கொப்பியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்கவோ தகட்டைக் கழற்றவோ போனால், உள்ளே இருப்பது எந்த உலோகம் என்றுதான் முதலில் கேட்பார்கள். பெரியம்மா அந்தக் கொப்பியைச் சம்பளத் துண்டுகளோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறார்.