வாய்ப்பேச்சா, ரெஜிஸ்டரா?

திருப்பூரில் பத்துப் பதினைந்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது வேறு கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற யூனிட்டில் எல்லாம் வாய்ப்பேச்சுதான். நேரடியாக ஏற்றுமதி செய்கிற பெரிய பனியன் கம்பெனியில் எதற்கும் ஒரு ரெஜிஸ்டர், ஒரு கையெழுத்து.

வேகத்தில் சின்ன யூனிட்டை அடிக்க முடியாது. "அண்ணா, ஊர்ல நோம்பிங்க, ரெண்டு நாள் வரமாட்டனுங்க" என்றால் லீவு ஆயிற்று. தையல் கோணினால் முதலாளியே மெஷின் பக்கத்தில் வந்து நின்று முடிவு சொல்லிவிடுவார். பெரிய கம்பெனியில் அதே கோளாறு சூப்பர்வைசர், தரம் பார்க்கிற க்யூசி, மேனேஜர் என்று ஏறி இறங்குவதற்குள் லைன் நின்றுவிடும்.

ஊசி விஷயத்தில் மட்டும் நான் ரெஜிஸ்டர் கட்சி. ஏற்றுமதி கம்பெனியில் ஊசி உடைந்தால், துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் ஒட்டி, தேதியும் மெஷின் எண்ணும் எழுதின பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு சிக்காவிட்டால் அங்கே கிடக்கிற பீஸ் எல்லாம் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிற பீஸ் ரேட் டெய்லருக்கு இது எரிச்சல். தேடுகிற நேரத்துக்குக் கூலி யார் தருவது? நியாயமான கேள்விதான், அதற்கும் காசு போட்டால் பாதி முணுமுணுப்பு அடங்கும். ஆனால் தைக்கிறது குழந்தை உடுப்பு என்றால்? வாய்ப்பேச்சு யூனிட்டில் "பாத்துட்டனுங்ணா" என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

அப்புறம், வாய்ப்பேச்சு ஆளைப் பார்த்து மாறும். முதலாளியின் ஊர்க்காரருக்குக் கேட்டதும் அட்வான்ஸ். பீகாரிலிருந்து வந்த பையனுக்கு அடுத்த வாரம் பார்க்கலாம். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. ஒன்றரை ஷிப்ட் ஓட்டியவர், மணிக்கணக்கு எங்கேயும் பதிவாகாதபோது எதைக் காட்டிக் கேட்பார்?

பில் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி பதிவு பெற்ற குறு, சிறு யூனிட்டுக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் வேலை கொடுத்த கம்பெனி 15 நாளில் பணம் தர வேண்டும்; எழுதிக்கொண்டால் 45 நாள் வரை போகலாம். கெடு என்னவோ வாய்ப்பேச்சுக்குச் சாதகம்தான். சரக்கு ஒப்படைத்ததற்கான சீட்டு, அந்த டெலிவரி சலானே இல்லாமல் அந்த 15 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

ரெஜிஸ்டர் இருக்கிற இடமெல்லாம் ஒழுங்கு என்றும் சொல்ல மாட்டேன். ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி மூன்று மாதக் கணக்கை ஒரே பேனாவில் எழுதி முடிக்கிற கம்பெனிக்கு வாய்ப்பேச்சு யூனிட் எவ்வளவோ மேல்.