சானி கணவாய்: வண்டி எத்தனை தடவை நிற்கும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

தென்னாப்பிரிக்காவிலிருந்து ட்ராக்கன்ஸ்பெர்க் மலை ஏறி லெசோதோ நாட்டுக்குப் போகும் பாதை சானி கணவாய். இரண்டு வருடத்தில் இரண்டு தடவை அதில் ஏறி இறங்கியிருக்கிறேன், இரண்டும் வேறு வேறு ஆட்களின் வண்டியில். நிறுவனங்களின் பெயரைப் போடவில்லை. படம் எடுக்கப் போகிறவர்கள் எப்படிப்பட்ட வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் எனக்குச் சொல்ல வேண்டியது, அது தெரியாமல் முதல் தடவை ஒரு நல்ல நாளை முழுசாக இழந்தேன்.

டர்பனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மரிட்ஸ்பர்க் தாண்டி, ஹோவிக் பக்கம் பிரிந்து, புல்வர் வழியாக அண்டர்பெர்க், அப்புறம் ஹைம்வில். அதுவரை சாதாரணக் காரே போதும். அங்கிருந்து மேலே, தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியா என்று பார்த்துத்தான் விடுவார்கள். கணவாயின் உச்சி 2,876 மீட்டர், அங்கே லெசோதோவின் சாவடி. இரண்டு சாவடிக்கும் நடுவில் இருக்கிற அந்த 8, 9 கிலோமீட்டர் கல்லும் மண்ணும்தான் மொத்த விஷயமும். ஒரு காலத்தில் கம்பளி மூட்டையோடு கோவேறு கழுதைகள் இறங்கிய பாதை இது, 1948-இல்தான் முதல் ஜீப் ஏறியது.

முதல் தடவை ஆளுக்கு ஒரு சீட்டு என்று பதிவு செய்யும் பயணத்தில் போனேன். ஓட்டுநர் நல்ல மனிதர், மிகக் கவனமாக ஓட்டினார், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வண்டி கிளம்பியதே ஒன்பதரைக்கு. எனக்குக் கிடைத்தது நடு சீட்டு, பின்பக்க ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது, என் 100-400 எம்.எம். தூர லென்ஸை நீட்டினால் பக்கத்தில் இருந்த அம்மாவின் தோளில் இடிக்கும். ஏறும்போது மூன்றே மூன்று இடத்தில் நிறுத்தினார்கள், மூன்றும் எல்லோரும் செல்ஃபி எடுக்கிற இடம். பாதி வழியில் பாறை மேல் பபூன் குரங்குக் கூட்டம் குட்டிகளோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தது, ஒரு நிமிடம் நிறுத்துங்கள் என்று கேட்டேன், சாப்பாட்டு நேரம் தவறிவிடும் என்றார். மேலே போய்ச் சேர்ந்தபோது பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது, அது டிசம்பர் மாதம், கோடையில் மத்தியானத்துக்கு மேல் ட்ராக்கன்ஸ்பெர்க் பக்கம் அப்படித்தான் இருக்கும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். உச்சியில் இருக்கிற விடுதியில் ஒன்றரை மணி நேரம் சாப்பாடு, அப்புறம் இறக்கம். மலையைப் பார்க்க வேண்டும், பாஸ்போர்ட்டில் முத்திரை வேண்டும் என்பவர்களுக்கு இது போதும், அவர்கள் சந்தோஷமாகத்தான் இறங்கினார்கள். கேமராவோடு போகிறவர்களுக்கு இது வேண்டாம்.

இரண்டாவது தடவை பணம் கட்டுவதற்கு முன்னால் போன் போட்டு மூன்று கேள்வி கேட்டேன். காலை ஆறு மணிக்கு எல்லை திறக்கும்போதே நம் வண்டி அங்கே நிற்குமா? ஜன்னல்கள் முழுசாக இறங்குமா? நிறுத்தும்போது எஞ்சினை அணைப்பீர்களா? மூன்று இடத்தில் சுற்றிவளைத்துப் பேசினார்கள். நான்காவதாகப் பேசியவர், சொந்தமாக ஒரே ஒரு லேண்ட் க்ரூசர் வைத்து ஓட்டுகிற பசோதோ (லெசோதோ இனத்து) மனிதர், மூன்றுக்கும் ஆமாம் என்றார், வளைவில் மட்டும் நிற்க மாட்டேன், மற்றபடி நீங்கள் சொல்கிற இடத்தில் நிற்பேன் என்றார். முழு வண்டியையும் எடுத்துக்கொண்டோம். நான், என் மாமா மகன், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர் அண்ணா, அவர் மனைவி, ஆக நாலு பேர். பிரித்துப் பார்த்தால் அந்த ஒற்றைச் சீட்டுக்குக் கொடுத்ததைவிட ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல், அவ்வளவுதான். ஏப்ரல் மாதம், முந்தின இரவே அண்டர்பெர்க்கில் தங்கிவிட்டோம்.

ஆறு மணிக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், மலைச்சுவர் கிழக்கைப் பார்த்து நிற்கிறது. சூரியன் எழும்பிய முதல் ஒரு மணி நேரம் அந்தக் கருங்கல் அடுக்குகள் முழுவதும் பொன்னாக இருக்கும், பன்னிரண்டு அப்போஸ்தலர் என்று சொல்கிற பாறை வரிசையின் ஒவ்வொரு பிளவும் தனித்தனியாகத் தெரியும். மத்தியானத்துக்கு அப்புறம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், பாதை முழுக்க நிழல். பத்து மணிக்கு மேல் ஏறுகிறவர்களின் படங்கள் எல்லாம் ஏன் வெளிறிப்போய் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கீழ்ப் பகுதியில் புரோட்டியா மரங்கள் பூத்திருந்தன, கர்னிஸ் சுகர்பேர்ட் என்கிற பறவை அதில் வந்து உட்கார்ந்தது. ஓட்டுநர் நாங்கள் கேட்பதற்கு முன்பே எஞ்சினை அணைத்தார். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் டீசல் வண்டியின் நடுக்கம் 400 எம்.எம்.-இல் எல்லாப் படத்தையும் கலங்கடித்துவிடும். ஜன்னலில் முக்காலி வைக்க முடியாது, நான் ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி கட்டிக் கொண்டுபோயிருந்தேன், கதவு விளிம்பில் அதைப் போட்டு லென்ஸைச் சாய்த்தால் கல் மாதிரி நிற்கும். கடையில் விற்கிற பீன் பேக்கைவிட இதுவே எனக்குப் பிடித்திருக்கிறது. லென்ஸை மட்டும் வழியில் மாற்றாதீர்கள், அந்தப் புழுதி சென்சாரில் போய் ஒட்டினால் அன்றைய வானம் முழுக்கப் புள்ளிதான். முடிந்தால் இரண்டு கேமரா, இல்லையென்றால் ஏறும்போது பெரிய லென்ஸ், இறங்கும்போது அகல லென்ஸ் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாதி உயரத்துக்கு மேல் ட்ராக்கன்ஸ்பெர்க் ராக்ஜம்பர். இந்த மலைமேடுகளை விட்டால் உலகில் வேறு எங்கும் இல்லாத பறவை, நெஞ்சு ஆரஞ்சு நிறம், பறப்பதைவிடப் பாறைக்குப் பாறை தாவி ஓடுவதுதான் அதிகம். அண்ணாதான் முதலில் குரலைக் கேட்டார். "தம்பி, அவசரப்படாதே, அது திரும்பி இந்தப் பாறைக்குத்தான் வரும்" என்றார். நாற்பது நிமிடம் அந்த ஒரே இடத்தில் நின்றோம், வந்தது. ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, தன் பிளாஸ்கிலிருந்து எங்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் இந்தப் பயணத்துக்குக் கொடுத்த பணம் இந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் என்றே நினைக்கிறேன்.

உச்சியில் பாஸ்போர்ட் வேலை முடித்து, விளிம்பை ஒட்டி இருக்கிற புல்வெளியில் உட்கார்ந்தோம். ஐஸ் எலிகள் வளைக்கு வெளியே உருண்டையாக உட்கார்ந்து வெயில் காய்ந்தன, வயிற்றை வைத்துப் படுத்துவிட்டால் கண்ணுக்கு நேராக அழகாக எடுக்கலாம். அப்புறம்தான் தாடிப் பாறுக் கழுகு வந்தது. எலும்பைத் தின்று வாழும் பறவை, பெரிய எலும்பாக இருந்தால் உயரத்திலிருந்து பாறையில் போட்டு உடைத்துத் தின்னும். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இந்த மலைத்தொடரில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது, அதுவும் சில நூறுதான். மற்ற இடங்களில் பாறு என்றால் தலைக்கு மேலே, வயிறு மட்டும் தெரியும் கறுப்பு உருவம். இங்கே நாம் நிற்பதே மலைச்சுவரின் மேல் விளிம்பு என்பதால் அது நமக்குக் கீழே போகிறது. கருஞ்சாம்பல் முதுகு, விரித்த சிறகு, துருநிறத் தலை, அதற்குப் பின்னால் பள்ளத்தாக்கு என்று எல்லாம் ஒரே சட்டத்தில் வரும். அந்தத் துருநிறம்கூட அது இரும்புச்சத்துள்ள சேற்றில் குளித்துப் பூசிக்கொள்வதுதான். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், பறவை வானத்துக்கு எதிரே வரும்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி கூட்ட வேண்டும், அதே பறவை கீழே இறங்கிக் கரும்பாறைக்கு எதிரே போனால் குறைக்க வேண்டும். அது இரண்டு வினாடியில் நடந்துவிடும், நான் ஷட்டரை வினாடியில் 2,000-இல் ஒரு பங்கில் நிறுத்திவிட்டு மற்றதை விரலால் திருகிக்கொண்டே இருந்தேன். நாலு படம் சரியாக வந்தது. அதில் ஒன்றை அண்ணா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

இந்த வண்டியிலும் குறை உண்டு. ரொக்கம் மட்டும்தான் வாங்குகிறார், ரசீது கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சாப்பாடு கிடையாது, அண்ணாவின் மனைவி, எங்கள் அக்கா, ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக்கொண்டு வந்ததால் பிழைத்தோம். கழிப்பறை இரண்டு முனையிலும்தான், நடுவில் நாங்கள் நின்றது நாலு மணி நேரம், அக்காவுக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது, முன்பே யோசித்திருக்க வேண்டும். பின் சீட்டின் பெல்ட் ஒன்று தளர்ந்திருந்தது, சொன்னேன், சரிசெய்கிறேன் என்றார்.

லெசோதோவில் தென்னாப்பிரிக்க ராண்டே செல்லும், பணம் மாற்ற வேண்டாம். தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் விசா வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிற சொந்தக்காரர்களை அழைத்துப் போவதானால், லெசோதோ விசாவையும், அவர்களின் தென்னாப்பிரிக்க விசா மறுபடி நுழைய விடுமா என்பதையும் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். சாவடிகளைப் படம் எடுக்காதீர்கள். கம்பளி போர்த்தி ஆடு மேய்க்கும் பையன்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள், கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள், எடுத்ததைத் திரையில் காட்டுங்கள்.

திரும்பும்போது ஹைம்வில் பக்கத்து வயலில் கொண்டை வைத்த சாம்பல் கிரேன் பறவைகள் ஜோடியாக மேய்ந்துகொண்டிருந்தன. அது எங்கள் சொந்தக் கார், நிறுத்த யாரையும் கேட்க வேண்டியதில்லை, இருட்டும்வரை அங்கேயே நின்றோம். ஹில்டன் ஏற்றத்து மூடுபனியில் மெதுவாக இறங்கி சாட்ஸ்வொர்த் வந்து சேர இரவு பத்தரை. ஜூலையில் பனி விழுந்ததும் அதே லேண்ட் க்ரூசருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், பின் சீட்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.