ஜெருசலேம் வீட்டில் நாலு வருஷமாக யூத நாட்காட்டியோடு

ஜெருசலேமில் 88 வயதுப் பெரியவர் ஒருவரை வீட்டோடு தங்கிக் கவனித்துக்கொள்கிறேன். சபா என்றுதான் கூப்பிடுவேன், எபிரேயத்தில் தாத்தா என்று அர்த்தம். ஊரிலிருந்து இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் யார் கேட்டாலும், பாஷைக்கு முன்னால் இவர்களுடைய நேரங்களைப் பழகிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வந்த புதிதில் ஏதோ ஒரு இலவசச் செயலியை இறக்கி, ஊர் பெயரை மாற்றாமலே விட்டுவிட்டேன். தீ, மின்சாரம் எதையும் தொடாத வார ஓய்வு நாளான சபாத்துக்காக வெள்ளிக்கிழமை விளக்கேற்ற, சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்னால் என்று காட்டியது. பல ஊர்களில் அதுதான் வழக்கம், ஆனால் ஜெருசலேமில் 40 நிமிடம். சபாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போதே தெருவில் விளக்கேற்றும் நேரத்துக்கான சங்கு (சைரன்) ஊதிவிட்டது. ஈரத் தலையோடு வந்து, நடுங்கும் கையால் அவர் அவசரமாகத் தீக்குச்சி உரசியதை இன்னும் மறக்க முடியவில்லை.

அப்புறம் ஹெப்கால் என்கிற யூத நாட்காட்டிச் செயலிக்கு மாறினேன். ஜெருசலேம் என்று கொடுத்தால் 40 நிமிடக் கணக்கைத் தானே எடுத்துக்கொள்கிறது, காசும் கிடையாது. டிசம்பரில் விளக்கு நேரம் 4 மணியை ஒட்டியே வந்துவிடும், ஜூனில் 7 மணி தாண்டும், அதனால் சமையலும் குளியலும் வாரா வாரம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

யூதர்கள் தினமும் சொல்லும் ஷெமா ஜெபத்தின் காலை நேரம்தான் எனக்குப் பிடிபட நாளானது. பகல் முழுவதையும் 12 பங்காக்கி ஒரு பங்கை ஒரு மணி என்கிறார்கள், அந்த மணி இங்கே ஜூன் கடைசியில் சுமார் 71 நிமிடம், டிசம்பர் கடைசியில் 50. மூன்றாம் மணி முடிவதற்குள் ஷெமா சொல்ல வேண்டும். அதற்கும் இரண்டு கணக்கு: ஒன்று சூரியன் உதித்ததிலிருந்து, இன்னொன்று அதற்கு முந்தைய விடியல் வெளிச்சத்திலிருந்து. சபா முந்தி முடிகிற கணக்கைத்தான் பார்ப்பார், நானும் அதற்குத் தகுந்த மாதிரி எழுப்பி மாத்திரை கொடுத்துவிடுவேன்.

அவர் மனைவி இறந்தது யூத நாட்காட்டியின் ஆதார் மாதத்தில். 19 வருஷத்தில் 7 தடவை ஆதார் இரண்டு வரும், 2024-இலும் அப்படி வந்தது. நினைவு நாள் எதில்? அஷ்கெனாசிகள் (ஐரோப்பிய வழி வந்த யூதர்கள்) பெரும்பாலும் முதல் ஆதார் என்பார்கள், செபராதிகள் (ஸ்பெயின் வழி வந்தவர்கள்) இரண்டாவது என்பார்கள், இதில் செயலி காட்டும் தேதியை மட்டும் நம்பாமல் வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். சபா இரண்டிலும் மெழுகுவத்தி ஏற்றினார், இரண்டு தடவையும் முந்தின நாள் சாயங்காலமே, ஏனென்றால் இவர்களுக்கு நாள் பிறப்பது இரவில்.

சபாத் அன்று அவர் முன்னால் போனை எடுப்பதில்லை. அதனால் மாதம் பிறந்ததும் பெரிய எழுத்தில் அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுகிறேன். சபா பூதக்கண்ணாடியோடு வந்து, அடுத்த வெள்ளிக்கிழமை மேல் விரல் வைத்து என்னைக் கூப்பிடுவார்.