டிக்கிக்குள் மழைநீர்: மூன்று டிசம்பர்களுக்குப் பிறகு எழுதும் அனுபவக் குறிப்பு

பிரேக் போடும்போதெல்லாம் காரின் பின்பக்கத்திலிருந்து 'களக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கிய தேங்காய்களில் ஒன்று டிக்கியில் உருள்கிறது என்று எண்ணி இரண்டு வாரம் பொருட்படுத்தாமல் ஓட்டினேன். 2022 டிசம்பரில் ஒருநாள் தரைவிரிப்பைத் தூக்கியபோதுதான், ஸ்பேர் டயர் வைக்கும் குழியில் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிற்பதும், அதில் ஜாக்கி துருவேறிக் கிடப்பதும் தெரிந்தது. டெங்கிக்குப் பயந்து பூந்தொட்டித் தட்டைக்கூட விடாமல் கவிழ்த்து வைக்கும் நான், காருக்குள் ஒரு குட்டையையே வளர்த்திருக்கிறேன்.

வண்டி, பத்தாண்டு முடிந்து சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்த ஒரு ஜப்பானிய செடான். நான் முதலில் போன பட்டறையில், பார்த்த மாத்திரத்தில் டிக்கி ரப்பர்தான் காரணம் என்று சொல்லி, 140 வெள்ளிக்குப் புதியது மாட்டிக் கொடுத்தார்கள். அடுத்த மழையிலேயே குழி மறுபடியும் நனைந்தது. ரப்பரின் மேல் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடியைச் சாத்தி, காகிதத்தை இழுத்துப் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால்தான் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை என்று பொருள்.

பிறகு நானே தேடத் தொடங்கினேன். மைத்துனரின் தரைவீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி, டிக்கியின் தரைவிரிப்பையும் பக்கவாட்டு மூடிகளையும் கழற்றி, தகட்டை ஈரம் போகத் துடைத்து, அதன்மேல் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவினேன். பின்னிருக்கையை மடித்து, கைவிளக்குடன் நான் டிக்கிக்குள் படுத்துக்கொள்ள, மைத்துனர் வெளியிலிருந்து ரப்பர்க் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விட்டார். கீழிருந்து மேலாக, ஓரிடத்துக்கு ஐந்து நிமிடம் என்று போக வேண்டும். மேலே தொடங்கினால் வழிந்து வரும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக் குழப்பிவிடும். அழுத்தத்தோடு பீய்ச்சுவதும் கூடாது, மழை ஒருபோதும் புகாத இடுக்கிலும் அது தண்ணீரை ஏற்றிவிடும்.

பம்பர் ஓரத்தில் ஒன்றுமில்லை. ரப்பர் ஓரத்திலும் ஒன்றுமில்லை. "அத்தான், விளக்குக்குப் போகட்டுமா?" என்று கேட்டுவிட்டு அவர் குழாயை இடப்பக்கப் பின்விளக்கின் மேல் திருப்பிய மூன்றாவது நிமிடத்தில், விளக்கை இறுக்கும் கீழ்த் திருகாணியின் அருகே ஒரு துளி ஊறிப் பெருத்து, சற்றுத் தொங்கி, தகட்டின் மடிப்போடு நகர்ந்து, பவுடரில் மெல்லிய கோடு இழுத்துக்கொண்டே குழியின் வலப்பக்கம் போய் இறங்கியது. அதுவரை ஈரம் நிற்கும் வலப்பக்கத்தையே நான் குற்றவாளியாகக் கருதியிருந்தேன்.

மூன்று நட்டுகளைக் கழற்றினால் விளக்கு கையோடு வந்துவிடும். அதன் பின்னிருந்த நுரைப் பட்டை அப்பளம்போல் காய்ந்து நொறுங்கியது. அதைச் சுரண்டியெடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, பியூட்டைல் பசைநாடாவைச் சுற்றி ஒட்டி, நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினேன். ஒரேயடியாக இறுக்கினால் விளக்கின் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். வலப்பக்க விளக்குக்கும் அதே வயதுதான் என்பதால் அதையும் கையோடு செய்து முடித்தேன். சிலிக்கோன் பூசினால் போதும் என்பவர்கள் உண்டு. ஆனால், வினிகர் வாடை வீசும் வகை, வண்ணம் உரிந்த தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். பல்பு மாற்றுவதற்கு விளக்கைக் கழற்ற வேண்டியிருந்தால் பிடுங்குவதும் பெரும்பாடு. பியூட்டைல் கெட்டிப்படாமல் பசைபோலவே இருப்பதால் மீண்டும் கழற்றலாம். அதற்கும் ஒரு குறை இருக்கிறது: உச்சி வெயிலில் காரை நிறுத்தினால் கறுப்பாகப் பிதுங்கி, துடைக்கும் துணியில் ஒட்டிக்கொள்கிறது.

ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் இந்தப் பழுதுபார்ப்பு ஓராண்டுக்குத் தாங்கினாலே போதும் என்று நினைத்தேன். மூன்றாண்டாகியும் விளக்குகளின் பக்கம் ஒரு சொட்டும் இறங்கவில்லை. 2024 இறுதியில் மட்டும் வேறொரு மூலையில் லேசான ஈரம் தென்பட்டது. கூரையின் ஓரத்து ரப்பர் பட்டைக்கு அடியில், தகடுகள் சேரும் இணைப்பில் பூசியிருந்த பூச்சு வெடித்திருந்தது. சுரண்டிவிட்டு பாலியூரித்தேன் பூச்சு வைத்ததில் அதுவும் நின்றது.

ஒழுகலை நிறுத்துவதைவிட உலர்த்துவதுதான் பெரிய வேலையாக இருந்தது. விரிப்புக்கு அடியிலிருந்த பஞ்சுத் திண்டு நம் ஊர்க் காற்றில் காயவே மறுத்து, பூஞ்சை வாடை வீசியது. இரண்டு நாள் மின்விசிறி வைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தேன். அலமாரியில் வைக்கும் ஈரமுறிஞ்சி டப்பா ஒன்று இன்றும் டிக்கியின் ஓரத்தில் இருக்கிறது. குழியின் அடியிலுள்ள ரப்பர் அடைப்பானைக் கழற்றிவிட்டால் தண்ணீர் தானே போய்விடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். சாலை நீரும் புகைக்குழாயின் நச்சுவாயுவும் அதே ஓட்டை வழியாக உள்ளே வரும் என்பதால் நான் அதைத் தொடவில்லை.

அந்தக் குழியின் அடியில் ஒரு பழைய நாளிதழ்த் தாளை விரித்து வைத்திருக்கிறேன். கனமழை பெய்த மறுநாள் காலையில் டயரைச் சற்றுத் தூக்கி, அதை விரலால் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.