வடிவமைப்பாளரை வைத்து வீட்டை மாற்றினோம்: மூன்று ஆண்டுகள் புழங்கிய பின்

வேலை முடிந்த முதல் வாரத்தில் எழுதியிருந்தால் இது பாராட்டுரையாகவே இருந்திருக்கும். மூன்று ஆண்டுகள் புழங்கிய பிறகுதான் எது உழைத்தது, எது உழைக்கவில்லை என்று நிதானமாகச் சொல்ல முடிகிறது.

வண்ணங்களைப் பற்றிப் பேசுவார் என்று நாங்கள் காத்திருந்த முதல் சந்திப்பில், வடிவமைப்பாளர் துணிகளை மடித்து வைப்பீர்களா, தொங்கவிடுவீர்களா, சமையலறையில் அதிக நேரம் நிற்பவர் யார் என்றே கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். அன்று சலிப்பாக இருந்தது. ஆனால், இன்று குறை சொல்ல முடியாத பகுதிகள் எல்லாம் அந்தக் கேள்விகளிலிருந்து வந்தவைதான். பொதுவாக 85 முதல் 90 செ.மீ. உயரத்தில் அமையும் சமையல் மேடையை, என் முழங்கை உயரத்தை அளந்து, அதற்குச் சற்றுக் கீழே 93 செ.மீ.யில் அமைத்தார். பழைய வீட்டில் பாத்திரம் துலக்கி நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு எப்போது விட்டுப்போனது என்றே தெரியவில்லை.

ஏமாந்தது, வேலைக்கு முன் வடிவமைப்பாளர் காட்டிய முப்பரிமாணப் படத்தில். அந்தப் படங்களில் ஒயர் இருக்காது, வாளியும் துடைப்பமும் இருக்காது. படத்தின் அழகில் மயங்கி ஒப்புதல் தந்த நாங்கள், ஒயரிங் வரைபடத்தை அலமாரியின் அளவுகளோடு ஒத்துப் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. விளைவாக, படுக்கையறையின் ஒரு பிளக் பாயின்ட் அலமாரிக்குள் அகப்பட்டுக்கொண்டது. தச்சர் பின்பலகையில் சதுரமாக ஓட்டை போட்டுக் கொடுத்தார். இன்றும் தொங்கும் சட்டைகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவித்தான் அந்தச் சுவிட்சைப் போடுகிறோம். மாதிரித் துண்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்த கரும்பச்சை லேமினேட்டும் (பலகைமேல் ஒட்டும் மேல்தகடு), மாலையில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கின்கீழ் சேற்று நிறமாகத் தெரிகிறது.

பொருட்களின் தரத்தில் பெரிய புகார் இல்லை, பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு அடியிலுள்ள பெட்டி ஒன்றைத் தவிர. கதவின் முகப்பு புதிது போலவே இருக்க, குழாய்க்காக வெட்டிய துளையைச் சுற்றி அடிப்பலகை உப்பிவிட்டது. நீர்ப்புகாப் பிளைவுட் என்றால் அதன் பசைதான் தண்ணீருக்குத் தாங்கும்; அடைக்காமல் விட்ட வெட்டு ஓரத்தின் வழியே மரம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். சிலிகான் பூச ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஃபால்ஸ் சீலிங்கில் ஒளிந்திருக்கும் விளக்குப்பட்டையை விருந்தினர் வரும்போது மட்டுமே போடுகிறோம். அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற கருவி பழுதானபோது, எட்டிப் பார்க்கத் திறப்பு வைக்காததால் சீலிங்கையே வெட்ட வேண்டியதாயிற்று.

தாமதம் இரண்டு மாதம். அதில் பாதி எங்கள் மனமாற்றத்தால் வந்தது. பொருள் செலவில் விழுக்காடாக அல்லாமல் நிலையான தொகையாகக் கட்டணத்தைப் பேசிக்கொண்டது நல்லதாயிற்று, விலை கூடிய பொருளை அவர் பரிந்துரைத்தபோது சந்தேகம் எழவில்லை. ஓராண்டு கழித்து அலமாரிக் கதவுகள் இறங்கியபோது நேரில் வந்தவர், கீல்களிலுள்ள திருகுகளைக் கொண்டு கதவை மேலும் கீழும், பக்கவாட்டிலும், முன்னும் பின்னும் நகர்த்தக் கற்றுத் தந்தார். அதன் பிறகு ஆளைக் கூப்பிடவே இல்லை.

அடுத்து பிள்ளைகளின் அறை இருக்கிறது. அதையும் அவரிடமே கொடுக்கப் போகிறோம். ஆனால் இம்முறை முதலில் ஒயரிங் வரைபடம், பிறகுதான் படம் என்று சொல்லிவிட்டோம்.