மூட்டு மாற்று அறுவைக்குப் பிந்தைய வலிக்கு லேசர் அக்குபங்சர்: மதுரைப் பயண அனுபவம்

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து தையல் பிரித்த பிறகே டொராண்டோவிலிருந்து நான் மதுரைக்கு வந்து சேர முடிந்தது. காயம் நன்றாக ஆறியிருந்தது. வலிதான் அவரை இரவில் தூங்க விடவில்லை. சர்க்கரையோடு சிறுநீரகமும் தளர்ந்திருந்ததால் டைக்ளோஃபீனாக் போன்ற வலி மாத்திரைகள் கூடாது என்றார்கள். டிரமடால் என்ற வேறொரு வலி மருந்தைக் கொடுத்தால் தலைசுற்றலும் குமட்டலும் வந்தன. அந்த நிலையில்தான் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்த பெண் அக்குபங்சர் புள்ளிகளில் ஊசிக்குப் பதிலாக லேசர் ஒளியைச் செலுத்தும் லேசர் அக்குபங்சரைப் பற்றிச் சொன்னார்.

அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டோம். செயற்கை மூட்டு வைத்த காலில் ஊசி குத்தினால் கிருமி புகும் வாய்ப்பு சிறிதே ஆனாலும் அது வேண்டாத வம்பு என்றும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு ஊசி பட்ட இடம் எளிதில் கன்றிப்போகும் என்றும், தோலைத் துளைக்காத லேசருக்குத் தமக்கு மறுப்பில்லை என்றும் கூறினார். உலோகம் பதித்த மூட்டின் மேல் ஷார்ட் வேவ் டயாதெர்மி என்னும், அலைகளால் உள்ளே சூடேற்றும் சிகிச்சையை மட்டும் வைக்கவே கூடாது என்பதை அழுத்திச் சொன்னார்.

முதலில் போன நிலையத்தில், இதைச் செய்தால் பயிற்சியே தேவையில்லை என்று உறுதியளித்தார்கள். பாதுகாப்புக் கண்ணாடி எங்கே என்று கேட்டதற்கு, "வெறும் லைட்டுதான் சார்" என்ற பதில் வந்ததும் எழுந்து வந்துவிட்டோம். அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது; தெரியாததால் இமையும் தானாக மூடிக்கொள்ளாது, விழித்திரைக்கு ஆபத்து அதில்தான் இருக்கிறது.

பிறகு சென்றது இயற்கை மருத்துவப் பட்டம் பெற்ற ஒரு பெண் மருத்துவரிடம். டிஸ்சார்ஜ் சம்மரியை முழுவதும் படித்த பின்பே அவர் அம்மாவைப் படுக்கச் சொன்னார். இருவரும் கண்ணாடி அணிந்துகொண்டார்கள். அம்மாவின் நான்கு விரல்களையே சேர்த்து வைத்து முழங்கால் சில்லுக்குக் கீழே அளந்து, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளிப்புறமாகத் தள்ளிப் புள்ளி வைத்தார். எஸ்டி 36 என்னும் அக்குபங்சர் புள்ளி அது. பேனா போன்ற கருவியை அங்கே ஊன்றி, "சுடுதாம்மா?" என்று கேட்டார். "ஒண்ணுமே தெரியலையே டாக்டரம்மா, பட்டனை அமுக்கினீங்களா?" என்றார் அம்மா. அரை வாட்டுக்கும் குறைந்த ஆற்றல் என்பதால் சூடு தெரியாது என்று விளக்கினார்.

சில அமர்வுகளுக்குப் பிறகு இரவுத் தூக்கம் திரும்பியது. நாளாக நாளாக வலி தானாகவும் குறையும் என்பதால் முழுப் பெருமையையும் லேசருக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் அமர்வு முடிந்த கையோடு காலை மடக்கும் பயிற்சியைச் செய்ய அம்மா தயங்கவில்லை. 90 பாகை மடங்கியது அந்தப் பயிற்சியால்தான்.

ஒரு நாள் கெண்டைக்கால் வீங்கியிருப்பதைப் பார்த்ததும் அந்த மருத்துவர் கருவியைக் கையிலேயே எடுக்காமல், அறுவை மருத்துவரிடம் உடனே போகச் சொல்லி எங்களை அனுப்பினார். டாப்ளர் ஸ்கேனில் இரத்தக்கட்டி இல்லை என்று உறுதியான பிறகே சிகிச்சையைத் தொடர்ந்தார். அன்றைக்கு அவர் கட்டணமும் வாங்கவில்லை.